திறவுகோல் யாரிடம்?

பொதுச்சொத்து என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன பள்ளிவாசல், மதரஸா, அடக்கத்தலம், தென்னந்தோப்பு, கடைவாடகை ஆகியனவே. இவற்றுக்கு எல்லைக்கல் உண்டு, பத்திரம் உண்டு, பொறுப்பாளர் மாறும்போது சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கையொப்பம் பெற்று ஒப்படைக்கும் மரபும் உண்டு. அண்மைக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்திடமும் வேறொரு வகைப் பொதுச்சொத்து ஓசையின்றிச் சேர்ந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், பாடக்குறிப்பு, கருத்தரங்கக் கட்டுரை, நிழற்படம், ஆய்வேட்டின் மின்படி என அனைத்தும் இணையவெளியில் ஏதோ ஒரு கோப்புறைக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு எல்லைக்கல் இல்லை. பத்திரத்தின் இடத்தில் இருப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. அம்முகவரியும் பெரும்பாலும் நிறுவனத்தினுடையதன்று. என்றோ ஒருநாள் ஆர்வத்தோடு முன்வந்து அவ்வேலையைச் செய்த இளைஞர் ஒருவருடையது.

இவ்வாறு நேர்வதற்கு எவரையும் குறைகூற இயலாது. 'நாக்' என நாம் சுருங்கச் சொல்லும் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கிறது; சான்றுக்கு இணைப்புக் கேட்கிறது. காலக்கெடு நெருங்குகிறது. துறையில் கணிப்பொறி கைவந்தவர் எவரோ அவரிடம் வேலை போய்ச் சேர்கிறது. அவர் தம் சொந்தக் கணக்கில் கூகுள் டிரைவைத் திறந்து, கோப்புறை ஒன்றை உண்டாக்கி, இணைப்பை எல்லோருக்கும் அனுப்புகிறார். எல்லோரும் எழுதுகின்றனர், திருத்துகின்றனர், சேர்க்கின்றனர். 'நம் கோப்புறை' என்றே வழங்கவும் தொடங்கிவிடுகின்றனர். பொறியோ இந்த 'நம்' என்னும் சொல்லை அறியாது. அது அறிந்தவை நான்கு நிலைகளே: பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர், உரிமையாளர். இறுதி நிலைக்குரியவர் ஒரே ஒருவர். அவர் கணக்கு அழிந்தால் அவர் பெயரிலுள்ள கோப்புகளும் உடன் அழியும்.

இதில் நுட்பம் ஒன்றுண்டு, பலர் அறியாதது. கோப்புறை ஒருவருடையதாயினும் அதனுள் இடப்பெறும் கோப்பு, இட்டவருடையதாகவே இருக்கும். பெட்டகம் துறைத்தலைவருடையது, உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளின்மீதும் வேறு வேறு பெயர். துறைத்தலைவரின் கணக்கைப் பத்திரமாகக் காத்துவிட்டால் எல்லாம் காக்கப்பட்டது எனக் கருதுவோர், பணிநிறைவு பெற்ற ஒருவர் கணக்கு மூடப்பட்ட மறுநாளே பெட்டகத்தில் வெற்றிடங்களைக் காண்பர். சட்டத்தின் கணக்கு வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பணியின் பொருட்டு ஊழியர் ஆக்கிய ஒன்றுக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, பணியமர்த்தியவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. வழக்காடு மன்றத்தில் நிறுவனம் வெல்லலாம். வென்ற தீர்ப்பைக் காட்டினால் கடவுச்சொல்லைக் கேட்கும் திரை விலகிவிடாது.

உடைமை, காவல், பயன் என்னும் மூன்றும் ஒருவர் கையிலேயே முடங்கிக் கிடந்தால் அவருக்குப் பின் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை தேடும்போதெல்லாம் எம் நினைவு தரமணிக்கே செல்லும். இன்றைய மாணவர்க்குத் தரமணி என்றால் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டைடல் பூங்காவும் அதனைச் சூழ்ந்த கண்ணாடிக் கட்டடங்களுமே. தமிழ் பயில்வோர்க்கோ அது 1970இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இருப்பிடம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இருப்பிடம். பறக்கும் ரயிலில் வந்திறங்கி, மத்தியப் பல்தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்துள் மரநிழலில் நடந்து அந்நூலகத்தை அடைவது ஆய்வு மாணவர்க்குக் கல்விப் பயணம் போன்றது. எம் மாணவரை அழைத்துச் செல்லும்போது யாம் முதலில் சொல்வது அங்குள்ள நூல்களைப் பற்றியன்று. அவை கைமாறிய வரலாற்றைப் பற்றியே.

கோட்டையூர் முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தம் தொழிற்கூடத்துக்கு வைத்த 'ரோஜா' என்னும் பெயரே பின்னர் அவர் பெயரின் முன்னொட்டாயிற்று. பல்கலைக்கழகம் எதனையும் சாராத அவர், தாமே தேடித்தேடி நூலும் இதழும் திரட்டினார். நூல் என்று பிறர் மதியாதவற்றையும் சேர்த்தார்: நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், செய்தி நறுக்கு. அவர் மறைந்த 1992ஆம் ஆண்டில் அத்தொகுப்பு ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளைக் கொண்டிருந்தது. ஆய்வாளர் கோட்டையூருக்கே சென்று பயன்கொண்டனர். அதுவரை உடையவரும் அவரே, காவலரும் அவரே, 'பார்க்கலாம்' என்று இசைவு தந்தவரும் அவரே.

அவர் கண்மூடியதும் மூன்றும் ஒருசேர அறுந்தன. இத்தகைய தனியார் தொகுப்புகள் நம் நாட்டில் அடையும் முடிவு நாமறிந்ததே. கரையானுக்குப் பாதி, பழைய காகிதக் கடைக்குப் பாதி. இத்தொகுப்போ தப்பியது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை முழுமையாக விலைகொடுத்து வாங்கியது. வாங்கியதோடு கப்பலேற்றிக்கொண்டு போகாமல் தமிழகத்திலேயே நிலைநிறுத்தியது என்பதுதான் கருதத்தக்கது. மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் சென்னையில் நூலகமாக நிறுவப்பெற்று, 1996இல் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது. முதலில் முகப்பேரில் இருந்து, பின் தரமணிக்குப் பெயர்ந்தது. இன்று நூலகத்தின் பெயரிலேயே அமைந்த அறக்கட்டளையின் பொறுப்பில் இயங்குகிறது. விலை கொடுத்தவர் கடலுக்கு அப்பால்; பொருள் இங்கே; காவல் ஓர் அறக்கட்டளையிடம்; பயன் கேட்டுவரும் எவர்க்கும். தமிழர் செய்திருக்க வேண்டியதை அமெரிக்கர் செய்தனர் என்பது எமக்குச் சற்று நாணந்தரும் செய்தியே. ஆயினும் செய்த முறையில் கற்கத்தக்கது மிகுதி.

நொறுங்கும் தாளை எல்லோர் கையிலும் கொடுத்தால் தாள் எஞ்சாது. எனவே அங்கு நுண்படச்சுருள் எடுத்தனர், பின்னர் மின்படியாக்கினர். மூலம் காவலுக்கு, படி பயனுக்கு எனப் பிரிந்தது. 2004இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமும் இந்நெறியையே கொண்டது: மூலம் தோன்றிய நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, மின்படி உள்நாட்டு நிறுவனத்திலும் இலண்டனிலும் இருக்கும். ஒருவர் சாவோ ஒரு நிறுவனத்தின் தளர்ச்சியோ மற்றொன்றைக் கொண்டுபோகாதவாறு செய்த ஏற்பாடு இது.

எம் சமுதாயத்துப் பெரியோர்க்கு இது புதிய செய்தியன்று. வக்ஃபு என்று சொன்னால் உடனே விளங்கிவிடும். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வது என உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட வரலாறு நாமறிந்தது. அந்நிலம் விற்பனைக்கோ அன்பளிப்புக்கோ வாரிசுப் பங்கீட்டுக்கோ உட்படாத அறமாயிற்று. விளைவின் பயன் மட்டும் எளியோர்க்கும் வழிப்போக்கர்க்கும் பிறர்க்கும் சென்றது. நிர்வகிப்பவர் முத்தவல்லி, உடையவர் அல்லர். முத்தவல்லி மாறுவார், வக்ஃபு மாறாது.

இதனினும் நுட்பமான மற்றொரு நிகழ்ச்சி உண்டு. மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், அதாவது 630ஆம் ஆண்டில், கஅபாவின் திறவுகோல் உஸ்மான் இப்னு தல்ஹா என்பவரிடம் இருந்தது. நபிகளார் (ஸல்) அதனைப் பெற்று உள்ளே சென்று மீண்டார்கள். தம் குடும்பத்தார்க்கே அப்பொறுப்பு வேண்டும் என்னும் விருப்பம் நெருங்கிய உறவினரிடமிருந்து எழுந்தது. நபிகளாரோ திறவுகோலை முன்பு வைத்திருந்தவரிடமே திரும்ப ஒப்படைத்தார்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது பற்றிய சூரத்துந் நிஸாவின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர் இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசுவர். அன்றுமுதல் ஷைபா குடும்பத்தாரிடமே அத்திறவுகோல் இருந்து வருகிறது. 2024 சூன் மாதத்தில் அதன் காப்பாளர் மறைந்தபோது, அக்குடும்பத்தின் மற்றொருவரிடம் அது முறைப்படி சென்றது. இல்லம் இறைவனுடையது, திறவுகோல் ஒரு குடும்பத்திடம், தரிசிக்கும் பேறு உலக முஸ்லிம்கள் யாவர்க்கும். இம்மூன்றையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. மின்னஞ்சல் முகவரியிலோ உடைமையும் திறவுகோலும் ஒன்றாகிவிடுகின்றன. கடவுச்சொல் அறிந்தவரே உடையவர். எல்லாச் சிக்கலும் இங்கிருந்தே பிறக்கின்றன எனலாம்.

எம் துறையில் நடந்த ஒன்றைச் சொல்லுதல் இவ்விடத்துப் பொருந்தும். அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழ், இன்று வாசிப்போர் அருகிவரும் செல்வம். இமாமுல் அரூஸ் எனப் போற்றப்பெறும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் எழுதினர். கல்லச்சுக் கிதாபுகள் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. எம் துறையில் எம்.ஃபில். பயின்ற மாணவர் ஒருவர் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களுக்குத் தம் கைக்காசில் சென்று, வீடுவீடாகக் கேட்டு, அக்கிதாபுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வந்தார். மூலங்களை அவ்வவ் வீடுகளிலேயே திரும்பக் கொடுத்தார். படங்களைத் தம் சொந்தக் கணக்கில் சேர்த்து, 'இணைப்பு உள்ளவர் எவரும் பார்க்கலாம்' என்னும் நிலையில் வைத்து, இணைப்பைத் துறைக்குத் தந்தார். படிப்பு முடிந்தது, வளைகுடாவுக்குச் சென்றார். எம்.ஃபில். பட்டமும் 2022இல் பல்கலைக்கழக மானியக்குழுவின் நெறிமுறையால் நிறுத்தப்பட்டது. அவரைப்போல் மற்றொருவர் அவ்வழியே இனி வரப்போவதில்லை.

இதற்கிடையே கூகுள் நிறுவனம் 2023 மே மாதத்தில் ஓர் அறிவிப்புச் செய்தது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகள், அவற்றிலுள்ள யாவற்றோடும், அவ்வாண்டு டிசம்பர் முதல் நீக்கப்படலாம் என்பது அதன் சாரம். அம்மாணவர் அங்குச் சென்றபின் அலுவலகம் தந்த வேறொரு முகவரியையே பயன்படுத்தி வந்தார் எனக் கேள்வியுற்றோம். துறையே கலங்கியது. பரண்களில் எஞ்சிய மூலங்களில் சில, வெள்ளத்திலும் வீடு இடித்துக் கட்டுகையிலும் போயிருந்தன. அவற்றின் ஒரே படி, எப்போது மூடப்படும் எனத் தெரியாத ஒரு கணக்கில் இருந்தது.

நல்வாய்ப்பாக அவர் நண்பர்வழி அகப்பட்டார். பழைய கணக்கும் திறந்தது. உரிமையாளர் பெயரை மாற்றிவிடலாம் என முயன்றபோது மற்றொரு தடை. தனியார் கணக்கிலிருந்து மற்றொரு தனியார் கணக்குக்கு உரிமையை மாற்றலாம்; பெறுபவர் இசைந்து ஏற்றால்தான் அம்மாற்றமும் நிறைவுறும். தனியார் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்கு அவ்வாறு நேரே மாற்ற வழியில்லை. ஆகவே விடுமுறையில் ஊர் வந்தவர், இரண்டு நாள் எம்முடன் அமர்ந்து, எல்லாவற்றையும் இறக்கி, ஒரு படியை வன்தட்டிலும் மற்றொரு படியைக் கல்லூரியின் பொது இடத்திலும் ஏற்றினார். தேநீர்கூட வேண்டாமென்று உழைத்த அவர் புறப்படும்போது, "இப்பத்தான் கடன் தீர்ந்த மாதிரி இருக்கு" என்றார்.

பொது இடம் என யாம் குறிப்பது 'ஷேர்டு டிரைவ்' என்பதனை. நிறுவனக் கணக்கு உள்ள கல்லூரிகளுக்கு இவ்வசதி கிடைக்கும். அதில் இடப்பெறும் கோப்புக்குத் தனியாள் எவரும் உரிமையாளராவதில்லை, நிறுவனமே உரிமையாளர். இட்டவர் விலகினாலும் கோப்பு நிற்கும். மேலாளர் முதலிய நிலைகள் உண்டெனினும் அவை பொறுப்பைக் குறிப்பனவேயன்றி உடைமையைக் குறிப்பன அல்ல. இதைப் பார்த்த எம் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர், "இது வக்ஃபு, அது வீட்டுச் சொத்து, இவ்வளவுதானே!" என்றார். கணிப்பொறித் துறையினர் ஒரு மணி நேரம் விளக்கியது அவர் வாயில் ஒரு வரியாயிற்று. மேலாளராக ஒருவரை மட்டும் வைக்காமல் மூவரை வைத்துள்ளோம். அவருள் ஒருவர் நூலகர்.

நிறுவனக் கணக்கிலும் இடர் இல்லாமலில்லை. 2022 சூலை முதல் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற இடம் என்பது போய், நிறுவனத்துக்கு 100 டெராபைட் என வரையறை வந்தது. இடம் குறையக் குறைய, வெளியேறியவர்தம் கணக்குகளை நீக்கும் அழுத்தம் மிகும். ஒருவர் கணக்கை நீக்கும்முன் அவர் கோப்புகளை மற்றொருவர் பெயருக்கு மாற்ற நிர்வாகியால் இயலும். மாற்றாமல் நீக்கிவிட்டாலோ மீட்கக் கிடைக்கும் அவகாசம் 20 நாட்களே. கோடை விடுமுறை இதனினும் நீண்டது என்பதை நிர்வாகிகள் நினைவில் கொள்வாராக. பணிநிறைவு விழாவில் சால்வை அணிவிப்பதற்கு முந்திய வாரத்திலேயே இவ்வொப்படைப்பை முடித்துவிடுதல் நலம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்கு விலக்கல்ல. யாமறிந்த மஹல்லா ஒன்றில் நிக்காஹ் பதிவேட்டைப் படித்த இளைஞர் ஒருவர் முயன்று கணிப்பொறியில் ஏற்றினார். நல்ல பணி. அவர் வெளிநாடு சென்றபின், கணக்கைத் திறக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய பழைய கைப்பேசி எண்ணுக்கே சென்றது; அவ்வெண்ணோ இன்று யாரோ ஒருவரிடம். தோல் அட்டையிட்ட பழைய பதிவேடு அலமாரியில் இருந்ததால் சான்றிதழ் கேட்டு வந்த பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைத்தது. வாட்ஸ்ஆப் குழுவில் இத்துன்பம் இல்லை. ஒரே நிர்வாகி வெளியேறினால், உறுப்பினருள் எவரோ ஒருவர் தாமாகவே நிர்வாகியாக்கப்படுவார். குடவோலை முறை மீண்டுவிட்டது போலும்!

உரிமை மாற்றம் இவ்வாறு ஒருவகையில் முடிந்தது. இசைவு பற்றிய வினாவோ அதன்பின்தான் எழுந்தது. பழைய கிதாபுகளின் வெற்றுப் பக்கங்களில் வீட்டாரின் பிறப்பும் இறப்பும் எழுதிவைப்பது வழக்கம். பெண்மக்களின் பெயர்கள், பிறந்த நேரம், பால்குடி மறவாமல் மறைந்த குழந்தைகள் என ஒரு குடும்பத்தின் அகம் அப்பக்கங்களில் உள்ளது. கீழக்கரையில் முதியவர் ஒருவர் கிதாபைக் கொடுக்கும்போது, "படிச்சுக்கோ வாப்பா, எங்க ஊட்டுப் பேரு இருக்குற ஏட்டை மட்டும் வெளியில காட்டிடாதே" என்று அம்மாணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதை மறக்கவில்லை. தம் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் அக்குறிப்பேடு அவருடைய பெட்டியில் இருந்தது. படங்களோ 'எவரும் பார்க்கலாம்' என்னும் நிலையில் இணையத்தில் இருந்தன. கோப்பு கைமாறும்போது அதனோடு வந்த வாக்கு கைமாறுவதில்லை. உரிமையாளர் என்னும் கட்டத்தில் பெயர் மாறுகிறது. 'யார், எதன்பொருட்டு, எந்நிபந்தனையோடு தந்தார்' என்பதற்கு அங்குக் கட்டமே இல்லை. பொருள்களைச் சேர்த்து வைத்த அளவுக்கு இவ்வாக்குகளைச் சேர்த்து வைக்காமைதான் நம் நிறுவனங்களின் பெருங்குறை என யாம் கருதுகிறோம். கடவுச்சொல் தொலைந்தால் நமக்கு இழப்பு. வாக்குத் தொலைந்தால் நம்பித் தந்தவர்க்கு இழப்பு.

ஆகவே பொது இணைப்பை முதல் வேலையாக மூடினோம். வீட்டுக் குறிப்புள்ள பக்கங்களைத் தனியே பிரித்து, இருவர் மட்டும் காணுமாறு வைத்தோம். ஒவ்வொரு கிதாபுக்கும் ஒரு பட்டியல் வரி எழுதினோம்: நூலின் பெயர், அச்சான ஊர், தந்த குடும்பம், அவர் கூறிய நிபந்தனை, மூலம் இப்போது உள்ளதா இல்லையா. இப்பட்டியலைத் தாளிலும் அச்சிட்டுத் துறையின் இரும்பு அலமாரியில் வைத்துள்ளோம். மின்சாரம் இல்லாத நாளிலும் வாசிக்கலாம்.

அப்பட்டியலில் நிபந்தனைக்குரிய கட்டம் சில வரிகளில் இன்னும் வெறுமையாக உள்ளது. அக்கிதாபுகளைத் தந்த முதியோர் மறைந்தனர். பிள்ளைகள் சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்கக்கூடும். அவர்களுள் எவரேனும் இம்மலரை வாசிக்க நேர்ந்தால், தம் வீட்டுக் கிதாபைப் பற்றித் துறைக்கு ஓர் அஞ்சல் எழுதுமாறு வேண்டுகிறோம். காட்டலாம் என்றாலும் எழுதுக; கூடாது என்றாலும் எழுதுக. அதுவரை அப்பக்கங்கள் மூடியே இருக்கும்.